வானத்து நெல்லும் பதரும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு)

தோற்றுவாய்

சென்ற தை மாத விடுமுறையில் யாம் எம் ஊராகிய லால்குடியில் இருந்தோம். அறுவடை முடிந்து நெல் களத்திற் குவிந்து கிடந்தது. விலை பேச வந்த வியாபாரி ஒருவர் ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்து, "நூற்றுக்குப் பத்துப் பங்கு பதர், அதைக் கழித்தே விலை" என்றார். எம் தந்தையார் மறுமொழி கூறுமுன் எம் பாட்டியார் முறமும் கையுமாக வந்துவிட்டார். குவியலின் மேலும் நடுவும் அடியுமாக நெல்லெடுத்து ஒரு மரக்கால் நிரப்பினார். அதைப் புடைத்து, மணியை ஒருபுறமும் பதரை ஒருபுறமும் பிரித்து, இரண்டையும் நிறுத்துக் காட்டினார். பதர் நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைவாகவே இருந்தது. வியாபாரி வேறு பேச்சின்றி அக்கணக்கை ஒப்பினார். "பதரை எண்ணத் தெரியாதவனுக்கு நெல்லை விற்கவும் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டியார் உள்ளே சென்றார்.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்ட பின்னர், பௌதிக வகுப்பு நண்பர் ஒருவரிடம் இந்நிகழ்ச்சியைச் சொன்னோம். அவர் வியந்து, வானவெளியில் எக்ஸ் கதிர்களை எண்ணும் கருவிகளை அமைப்போர் செய்வதும் இதுவே என்றும், பதரை எண்ணும் அவ்வேலைக்கே அவர்கள் பல ஆண்டு உழைக்கின்றனர் என்றும் கூறினார். பின்னர், "ஆயின் இதனைத் தமிழில் விளங்க எழுத இயலுமோ?" என்று ஐயுற்றார். அவ்வையமே இக்கட்டுரைக்குக் காரணம். யாம் தமிழ் பயில்வோம். விஞ்ஞானத்தில் வல்லுநர் அல்லேம். கேட்டும் கற்றும் அறிந்தவற்றை முறைப்படுத்தி ஈண்டு எழுதலுற்றோம்.

எக்ஸ் கதிரும் வானமும்

விண்மீன்களுட் சில கண்ணுக்குப் புலனாகும் ஒளியோடு எக்ஸ் கதிர்களையும் வீசுகின்றன. கருந்துளையை நோக்கி விழும் வாயு பல இலக்கம் பாகை வெப்பமுற்று அக்கதிர்களை உமிழ்கின்றது. எனினும் அவை நம் நிலத்தை எட்டுவதில்லை. காற்று மண்டலம் இடையே நின்று விழுங்கிவிடுகின்றது. நமக்கு அது நன்மையே. அவற்றைக் காண விழைவோர் காற்றிற்கு மேலே செல்லல் வேண்டும். 1962-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர்தம் நண்பரும் அமெரிக்க நாட்டில் ஒரு ராக்கெட்டை ஏவினர். சந்திரனிலிருந்து எக்ஸ் கதிர் வருகின்றதா என்று காண்பதே அவர் நோக்கம். ஆனால் விருச்சிக ராசியின் திசையிலிருந்து எவரும் எதிர்பாராத வலிய கதிர்வீச்சு ஒன்று புலப்பட்டது. அதனோடு, வானம் எங்கணும் பரந்த மங்கலான எக்ஸ் ஒளியும் தென்பட்டது. ஜியாக்கோனி 2002-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

இத்துறைக்கும் எம் நாட்டுப்புறத்திற்கும் உறவு உண்டு. எம் ஊரின் பழம்பெயர் திருத்தவத்துறை. அங்குள்ள கோயில் ஏழு முனிவரின் பெயரால் வழங்குவது. அம்முனிவர் பெயரே வடவானத்து ஏழு மீன்களுக்கும் பெயர். இது பெயரளவில் உள்ள உறவு. மெய்யான உறவு கொள்ளிடத்தின் தென்கரையில் உள்ளது. சர் சி. வி. இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருவானைக்காவிற் பிறந்தார். அவர் தமையனாரின் மைந்தரே சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் இறுதி நிலையை ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவர். 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் வானேறிய பெரிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே இட்டனர். அத்தொலைநோக்கிக்கு நேர்ந்த இடர் ஒன்றைப் பின்னர்க் கூறுவோம்.

பதர் எங்கிருந்து வருகின்றது?

எக்ஸ் கதிர் அளக்கும் கருவி, வந்துவிழும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் இயல்பினது. ஒரு துகள் கருவியின் பொருளில் விழுந்து ஒரு சிறு மின்துடிப்பை எழுப்பும், அத்துடிப்பு எண்ணப்படும். ஆயின் கருவிக்குத் துடிப்பு மட்டுமே தெரியும். அதனை எழுப்பியது யாது என்பது தெரியாது. விண்மீனின் எக்ஸ் கதிரும் துடிப்பை எழுப்பும். வேறு துகளும் எழுப்பும். வேறு துகள்களால் எழும் எண்ணிக்கையையே பின்னணி இரைச்சல் என்பர். காதுக்குக் கேளாததாயினும், பேச்சைக் கேட்கவொட்டாது தடுக்கும் சந்தை இரைச்சல் போன்றது ஆதலின் அப்பெயர் பெற்றது. அதன் வகைகளாவன:

முதலாவது, காஸ்மிக் கதிர். 1912-ஆம் ஆண்டு விக்டர் ஹெஸ் என்பார் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, உயரச் செல்லுந்தோறும் ஊடுருவும் கதிர் மிகுவதைக் கண்டார். அது பெரும்பாலும் மிக்க விரைவுடைய புரோட்டான்களே. அவற்றுள் ஒன்று வானக் கலத்தின் உடம்பைத் தாக்கினால், உடைந்த துகள்கள் மழைபோல் நாற்புறமும் தெறிக்கும்.

இரண்டாவது, முன்னர்க் கூறிய பரந்த எக்ஸ் ஒளி. மூன்றாவது, நம் பூமியின் மேற்காற்று. காஸ்மிக் கதிர் தாக்கும்போது அக்காற்றிலிருந்து காமாக் கதிர்கள் எழுந்து, கீழிருந்து கலத்தின்மேற் படும்.

நான்காவது, பூமியின் காந்தத்தால் சிறைப்பட்டுச் சுழலும் துகள் வளையங்கள். தென் அட்லாண்டிக் கடலின்மீதும் பிரேசில் நாட்டின்மீதும் அவ்வளையம் தாழ்ந்து வருகின்றது. அவ்விடத்தைக் கடக்கும் கலம் துகள்வெள்ளத்தில் நனைந்தாற் போலாகும். கடந்த பின்னரும் துன்பம் தீர்வதில்லை. புரோட்டான்கள் தாக்கியதால் கலத்தின் உலோகங்களே சிறிது கதிரியக்கம் உற்று, நிமிடக் கணக்கிலும், சில திங்கட் கணக்கிலும் கதிர் உமிழ்ந்துகொண்டிருக்கும்.

இவற்றைத் தடுக்கத் தடித்த கவசம் இட்டால் ஆகாதோ எனின், ஆகாது. கவசம் தடிக்குந்தோறும் காஸ்மிக் கதிருக்கு மோத இடம் மிகுகின்றது. தெறிக்கும் துகள்களும் மிகுகின்றன. அன்றியும், ஈயம், டாண்டலம் முதலிய கன உலோகங்கள் வெளிக் கதிரை விழுங்கிவிட்டுத் தாமே எக்ஸ் கதிரை உமிழும். காவலனே கள்வனாகும் நிலை இது. அதனால் கன உலோகத்தின் உட்புறத்தே வெள்ளீயமும், அதனுள் செம்பும், அதனுள் அலுமினியமுமாக அடுக்குவர். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முன்னுள்ளதன் உமிழ்வை விழுங்கும். எவ்வடுக்கு எத்துணைத் தடிப்பு என்பதை ஊகத்தால் முடிவு செய்ய இயலாது. இங்கேதான் பாவனைக் கணக்கு உதவுகின்றது.

பாவனைக் கணக்கு

வானில் ஏவுமுன்னரே கலத்தைக் கணிப்பொறியினுள் எண்களால் கட்டி, அதன்மேல் எண்களாலான துகள்களைப் பொழிந்து, நிகழ்வதைக் காணுதலே பாவனைக் கணக்கு. திருகாணியும் எரிபொருட் கலமும் உட்பட எவ்வுலோகம் எவ்விடத்தில் எவ்வளவு என்று விவரமாக எழுதிய உருவத்தைக் 'கனமாதிரி' எனலாம். ஒரு புரோட்டானை அதில் விடுவர். அது அடுத்த மில்லிமீட்டரில் மோதுமா, மோதாதா? மோதினால் எத்திசையில் சிதறும்? திட்டமாகக் கூற இயலாது. இத்தனைக்கு இத்தனை வாய்ப்பு என்றே கூற இயலும். ஆதலின் ஒவ்வோர் அடியிலும் கணிப்பொறி தாயம் உருட்டுகின்றது. இம்முறையைச் சூதாட்ட விடுதிக்குப் பேர்போன மான்டி கார்லோ என்னும் ஊரின் பெயரால் வழங்குவர். மெட்ரோபொலிஸ், உலாம் என்னும் இருவர் 1949-ஆம் ஆண்டு இதனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். இப்பணிக்கென்றே பல நாட்டார் கூடி அமைத்த 'ஜீயன்ட்-4' என்னும் கணிநிரல் 1998-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது.

இதனை உணரும் பொருட்டு யாம் விடுதியில் ஒரு சிறு சோதனை செய்தோம். தாயம் ஆடுதற்கு ஒருபுறம் தேய்த்து வெண்மையாக்கிய புளியங்கொட்டை 64 எடுத்தோம். ஒவ்வொன்றும் ஓர் ஒளித்துகள். ஒரு முறை வீசுவது ஓர் உலோகத் தகட்டைக் கடத்தல். வெண்மை மேலாக விழுந்தவை தகட்டால் விழுங்கப்பட்டன. கருமை மேலாக விழுந்தவை தப்பின. தப்பியவற்றை மட்டும் எடுத்து இரண்டாம் தகட்டிற்கும் மூன்றாம் தகட்டிற்கும் வீசினோம். பாதிக்குப் பாதி எனின் 32, 16, 8 என்று குறைந்து முடிவில் எட்டுத் தப்புதல் வேண்டும். ஒரு முறை ஒன்பது தப்பின. ஒரு முறை நான்கு. இவ்வேறுபாடு இயல்பே என்று கருதி இருபது முறை செய்து சராசரி கண்டோம். எட்டு வரவில்லை, ஆறே வந்தது. இன்னும் பன்முறை செய்தும் ஆறே வந்தது. பின்னர்க் கொட்டைகளைத் தனியே பலகால் வீசி எண்ணியபோது, கருமை நூற்றுக்கு நாற்பத்தைந்து முறையே மேலாக விழுவதைக் கண்டோம். தேய்த்ததால் அவை ஒருபுறம் சாய்ந்துவிட்டன. வீசும் கை எத்துணை முறை வீசினாலும் கொட்டையின் கோணல் நிமிராது.

இச்சிறு விளையாட்டு ஒரு பேருண்மையைக் காட்டுகின்றது. பிழை இருவகை. ஒன்று, எண்ணிக்கை சிறிதாயிருத்தலால் வரும் தடுமாற்றம். மற்றொன்று, அடிப்படையை அறியாமையால் வரும் கோணல். முன்னது காலத்தால் தீரும்; பின்னது காலத்தால் தீராது.

நூற்றுக்கு ஐந்தின் விலை

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். ஒரு கருவியில் நாழிகைக்கு 100 பின்னணித் துடிப்பும், மங்கிய விண்மீனால் 20 துடிப்பும் வருவனவாகக் கொள்க. நூறு எண்ணும்போது ஏறத்தாழ அதன் வர்க்கமூலமாகிய 10 கூடக் குறைய வருதல் இயல்பு. ஆதலின் ஒரு நாழிகையில் 20-ஐ நம்புதற்கில்லை. நூறு நாழிகை பொறுத்தால் பின்னணி 10,000, தடுமாற்றம் 100, விண்மீனின் பங்கோ 2,000. இப்போது ஐயமில்லை.

ஆயின் பின்னணி நாழிகைக்கு 100 என்பது எவ்வாறு தெரிந்தது? அக்கணக்கில் நூற்றுக்கு ஐந்து பிழை இருப்பின், நூறு நாழிகையில் 500 துடிப்புப் பிழைபடும். விண்மீனின் ஒளியில் நான்கில் ஒரு பங்கு பொய்யாகும். நூற்றுக்கு இருபது பிழை இருப்பின், இல்லாத விண்மீனை உண்டென்போம். அல்லது உள்ள விண்மீனை இல்லையென்போம். ஆயிரம் நாழிகை பொறுத்தாலும் இப்பிழை அதே பங்கில் உடன் வளரும். எம் பாட்டியார் முறம் எடுக்காதிருந்தால், மூட்டை மிகுந்தோறும் இழப்பும் மிகுந்திருக்குமன்றோ?

சந்திராவிற்கு நேர்ந்தது

கணக்கில் ஒரு வழி விடுபட்டால் என்ன நேரும் என்பதற்குச் சந்திரா சான்று. அது பூமியை நீள்வட்டத்திற் சுற்றுவது. ஒவ்வொரு சுற்றிலும் துகள் வளையத்தைக் கடப்பது. வலிய துகள்களைத் தடுக்கக் கருவியைச் சுற்றிக் கவசம் இருந்தது. மென்மையான புரோட்டான்களைப் பற்றி எவரும் அஞ்சவில்லை; அவை கவசத்தைத் துளைக்கும் வலிமை அற்றவை. ஆயின் அவை கவசத்தைத் துளைக்கவில்லை. வாயில் வழியே வந்தன. எக்ஸ் கதிரைச் சறுக்கிச் செல்லவிட்டுக் குவிப்பதற்காக அமைந்த கண்ணாடிகளே அப்புரோட்டான்களையும் சறுக்கவிட்டு, நேரே கருவியின்மேற் சேர்த்தன.

ஏவிய சில வாரங்களுக்குள், 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில், படம் எடுக்கும் சில்லுகளின் ஆற்றல் குன்றியது தெரிந்தது. பத்துச் சில்லுகளுள் எட்டு ஊறுபட்டன. அச்சில்லுகளில் மின்னேற்றம் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் கைமாறிக் கைமாறி வாயிலை அடையும். புரோட்டான்கள் சிலிக்கனிற் குழிகளை உண்டாக்கின. மின்னேற்றம் வழியில் அக்குழிகளிற் சிக்கியது. வெடிப்புக் கண்ட வாய்க்காலில் தலைமடைக்கு நீர் வந்து கடைமடைக்குக் குறைவது போல, வாயிலுக்குத் தொலைவான வரிசைகளின் ஏற்றம் மிகவும் குறைந்து வந்தது. காரணம் அறிந்தவுடன், வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் கருவியைக் குவியத்திலிருந்து நகர்த்தி மறைக்கத் தொடங்கினர். ஊறு பெருகாது நின்றது. பட்ட ஊற்றிற்கும் கணக்கிட்டுத் திருத்தம் செய்ததால் சந்திரா அரிய பணிகள் ஆற்றியது.

அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐரோப்பியரின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஏவப்படவிருந்தது. அவர்கள் தம் கண்ணாடியில் புரோட்டான்கள் எவ்வாறு சறுக்கும் என்பதை ஜீயன்ட்-4 கொண்டு பாவனை செய்து பார்த்து, வளையத்தினுள் கருவியின் வாயிலை மூடிவைக்கும் ஒழுங்கை மேற்கொண்டனர். ஒருவர் பட்டதை ஒளியாது உரைத்தமையால் மற்றொருவர் தப்பினர். விஞ்ஞானத்தின் அறம் இதுவென்க.

நம் நாட்டு ஆஸ்ட்ரோசாட்

நம் இந்திய நாட்டின் ஆஸ்ட்ரோசாட் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் பாதையைத் தேர்ந்ததிலேயே பதரைக் குறைக்கும் அறிவு விளங்குகின்றது. 1927-ஆம் ஆண்டு கிளே என்னும் டச்சு அறிஞர் ஜாவாவிற்கும் ஹாலந்திற்கும் இடையே கப்பலிற் சென்றபோது, நிலநடுக்கோட்டின் அருகே காஸ்மிக் கதிர் குறைவதைக் கண்டார். பூமியின் காந்தம் அவ்விடத்தே துகள்களை மிகுதியும் விலக்குகின்றது. ஆதலின் ஆஸ்ட்ரோசாட்டை 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டிற்கு 6 பாகையே சாய்ந்த பாதையில் செலுத்தினர். அட்லாண்டிக் துகள்வெள்ளத்தின் நடுவே புகாது, அதன் ஓரத்தையே அது தொட்டுச் செல்லும். அவ்வோரத்திலும் துகள் மிகும்போது அறிவித்தற்கென ஒரு காவற் கருவி அதில் உண்டு.

அதன் கருவிகளுள் காட்மியம், துத்தநாகம், டெலூரியம் என்னும் மூன்றன் கலவைப் படிகத்தால் ஆகியது ஒன்று. 64 தகடுகள், ஒவ்வொன்றிலும் 256 கட்டங்கள், ஆக 16,384 கட்டங்கள். படிகத்தின் தடிப்பு 5 மில்லிமீட்டர். வானிற் சென்றபின் காஸ்மிக் கதிரின் கைவண்ணம் அதிற் புலனாயிற்று. விண்மீனின் ஒளித்துகள்கள் தனித்தனியே வரும். காஸ்மிக் கதிர் கலத்தைத் தாக்கினாலோ, கண்ணிமைப்பினும் மிகச் சிறிய பொழுதிற்குள் பல கட்டங்கள் கொத்தாகத் துடிக்கும். அக்கொத்துகளை இனங்கண்டு நீக்கிய பின்னரே நெல் தெரிந்தது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 100 கிலோ எலெக்ட்ரன் வோல்ட்டிற்கு மேற்பட்ட கதிர்களுக்குக் கருவியின் சுவர்கள் தடையாவதில்லை. எத்திசையிலிருந்தும் அவை புகும். வேண்டாத குறையெனக் கருதத்தக்க இதனையே அறிஞர் பயனாக்கினர். தொலைவான அண்டங்களில் திடீரென எழும் காமாக் கதிர் வெடிப்புகளின் ஒளி பக்கவாட்டிலிருந்து கலத்தின் உடம்பை ஊடுருவி வந்தது. கருவி இயங்கத் தொடங்கிய 2015 அக்டோபர் 6-ஆம் நாளிலேயே அத்தகைய வெடிப்பு ஒன்று பதிவாயிற்று. வந்த ஒளி வழியிற் சிதறித் தேய்ந்து வந்ததாதலின், வெடிப்பின் மெய்யான வலிமையை அறிய வழியிலுள்ள ஒவ்வோர் உலோகத்தையும் கணக்கிடல் வேண்டும். அதற்காக ஆஸ்ட்ரோசாட் முழுமைக்கும் ஜீயன்ட்-4-இல் கனமாதிரி அமைத்து, திசையும் வலிமையும் முன்னரே பிற கலங்களால் அறியப்பட்ட வெடிப்புகளைக் கொண்டு அதனைச் சோதித்து, 2021-ஆம் ஆண்டு வெளியிட்டனர். 2022-ஆம் ஆண்டிற்குள் அக்கருவி கண்ட வெடிப்புகள் ஐந்நூறு. ஐந்தாண்டிற்கென அமைந்த கலம் அவ்வெல்லையைக் கடந்தும் உழைத்தது.

2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் எக்ஸ்போசாட் என்னும் கலமும் ஏறத்தாழ அதே உயரத்தில், அதே சாய்வில் வானேறியது. அதிலுள்ள 'போலிக்ஸ்' கருவியை அமைத்தது பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையம். திருவானைக்காவிற் பிறந்தவர் நிறுவிய கூடம், எக்ஸ் கதிரின் அதிர்வுத் திசையை அளக்கும் கருவியை வானுக்கு அனுப்பியது எம் நாட்டுப்புறத்தார்க்கு உவகை தருவது.

முடிவுரை

நண்பரின் ஐயத்திற்கு மீள்வோம். இப்பொருள் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று என்பதே எம் விடை. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் எதிரே இருந்தவையும் இரைச்சல் மிக்க சுவடிகளே. ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகாரம் ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் மயங்கும். எழுதினோர் கைப்பிழை வேறு. பிழை எவ்வாறு பிறக்கும் என்று அறிந்தவரே புலவர் சொல் இன்னது என்று துணிதல் கூடும். பிழையின் இலக்கணத்தையும் கற்றுப் பாடத்தைத் தெளிதலே பதிப்பாசிரியர் தொழில். பாவனைக் கணக்குச் செய்வோரும் வானத்துச் சுவடிக்கு அதனையே செய்கின்றனர்.

இதிற் கற்கத் தக்கது வேறொன்றும் உண்டு. புதியது கண்டேம் என்று கூறும் ஆசை யார்க்கும் எளிது. அக்காட்சியில் தம் கருவியின் பிழை எத்துணை, தம் கலத்தின் உலோகமே உமிழ்ந்தது எத்துணை என்று பிறர் கேட்குமுன் தாமே எண்ணிக் கழித்து, எஞ்சியதை மட்டும் வெளியிடுதல் அரிது. எம் புளியங்கொட்டைக் கணக்கில் எட்டு வரவேண்டும் என்னும் ஆவலால் ஒன்றிரண்டை மறித்து எண்ணிவிட எமக்கும் எண்ணம் தோன்றியது என்பதை ஒளிக்கமாட்டோம். எண்ணாது விட்டதனாலேயே கொட்டையின் கோணலை அறிந்தோம்.

மாசியில் ஊருக்குச் சென்றபோது பாட்டியாரிடம் இவற்றையெல்லாம் எளிமையாக எடுத்துரைத்தோம். முறுவலித்துக் கேட்டிருந்தவர், "அந்தப் பதரை அவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று வினவினார். கழித்துவிடுகிறார்கள் என்றோம். "நான் மாட்டுத் தொழுவத்தில் பரப்பிவிடுவேன், அதுவும் வீணாகாது" என்றார். காமாக் கதிர் வெடிப்புகளை அப்போதுதான் நினைந்து, அவர் கூற்று முற்றும் சரியென ஒப்பினோம்.

இக்கட்டுரையைப் படித்துப் பௌதிகப் பிழைகளைக் களைந்த நண்பருக்கும், மொழிப் பிழைகளைக் களைந்த எம் ஆசிரியர்க்கும் நன்றியுடையேம். எஞ்சிய பதர் எம்முடையது.